சர்க்கரை சாரின் சாட்சி

கத்தரிக்கோல் காதில் பட்டுவிட்டது.

பெரிய காயம் என்று சொல்ல முடியாது. மடலின் ஓரத்தில் ஒரு கீறல், கடுகளவு ரத்தம். ஆனால் காதுக்குச் சொந்தக்காரி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஒரு கட்டடம் நிறைந்த பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் தொண்டை. பார்லர் கண்ணாடி அதிர்ந்தது.

"முடியை வெட்டச் சொன்னா காதை வெட்டுறியே! என்னம்மா ஆச்சு உனக்கு?"

"மன்னிச்சுக்கங்க மேடம். கை வழுக்கிடுச்சு."

"தலை வழுக்கையாகுதுன்னு கேள்விப்பட்டேன். இப்ப கையுமா?"

 பார்லர் நடத்தும் அத்தை, தலையில் கட்டியிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் இந்தக் கேலிக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்றைக்கு உதடுகூட நடுங்கியது.

மருமகள் பஞ்சோடு ஓடி வந்து காதைத் துடைத்தாள். காலையில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. எடுத்த ரத்தத்தோடு லேபுக்குப் போகும் வழியில் பார்லர் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவாள். அத்தைக்கு இப்போதெல்லாம் ஷட்டர் தூக்கத் தெம்பில்லை. போன வருடம்வரை ஒற்றைக் கையால் தூக்கியவள்.

தலைமையாசிரியை பாதி வெட்டிய தலையோடு, மீதியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒரு காதைக்கூட நான் தொட்டதில்லடி, இத்தனை வருஷத்துல."

"கையை நீட்டுங்க அத்தை."

நீட்டினாள். விரல்கள் சொல்பேச்சு கேட்கவில்லை, பத்தும் பத்து பக்கம் ஆடின. மருமகள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி, துரத்தப்பட்ட கோழி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையெல்லாம் வேர்வை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது.

 மருமகளுக்கு ஒரு ரகசியம் இருந்தது.

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: அத்தைக்குத் தைராய்டு குறைவு. அதனால்தான் முடி கொத்துக்கொத்தாகப் போகிறது என்று டாக்டர் கண்டுபிடித்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். முடி பழையபடி வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் வினை பிடித்தது. மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ள அத்தை என்ன மாவு மில்லா வைத்திருக்கிறாள்? வழுக்கையாகிக்கொண்டிருக்கும் பார்லர்க்காரியிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்?

அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தார், அத்தையின் கணவரான மாமாவின் அண்ணன்.

அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் ஓமியோபதி புத்தகங்கள் வாங்கினார். படித்து முடிப்பதற்கு முன்பே வைத்தியம் தொடங்கினார். நோயாளி என்று சொல்ல மாட்டார், 'துயரர்' என்பார். மருந்தெல்லாம் வெள்ளைச் சர்க்கரை உருண்டையாக இருந்ததால் தெரு அவருக்குச் 'சர்க்கரை சார்' என்று பெயர் வைத்தது. அதை அவர் பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"துயரரின் உடல் ஒரு வயல். ஆங்கில மருந்து அதில் முளைத்த களை. களையைப் பிடுங்காமல் நான் விதை தூவ மாட்டேன்," என்று கூடத்தில் நின்று பிரகடனம் செய்தார். எல்லோர் கண் முன்னாலும் அத்தை மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள். மாமா தலையாட்டினார்.

அந்த வீட்டின் பழக்கம் அது. மூத்தவர் சொன்னால் மறுத்துப் பேசுவதில்லை. தலையை ஆட்டுவது, பிறகு சத்தமில்லாமல் அவரவர் வேலையைப் பார்ப்பது. சண்டையே இல்லாத குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

மருமகள் மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்தாள். "நிறுத்தினா ஆபத்து பெரிய மாமா" என்றாள். "நேத்து வந்தவ நீ" என்று அத்தையே அடக்கிவிட்டாள். அதன் பிறகு மருமகளும் அந்த வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டாள். தலையாட்டினாள். மறுநாளிலிருந்து, அத்தை காலையில் குடிக்கும் தேன் கலந்த வெந்நீரில் ஒரு தைராய்டு மாத்திரையைப் பொடி செய்து போட்டுக் கலக்கினாள். புருஷனுக்கும் சொல்லவில்லை. அவன் வெளியூரில் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். சொன்னால் முதல் ஃபோனிலேயே அம்மாவிடம் உளறிவிடுவான்.

ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாயில் மருந்து போடுவது தப்பு. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அத்தையின் நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் புதுமுடி தலைகாட்டியபோது அந்தத் தப்பைக் கொஞ்சம் மறந்திருந்தாள். புதுமுடிக்கான பெருமை முழுவதையும் மாடிவீடு வாங்கிக்கொண்டது வேறு கதை.

இன்று சாயங்காலம் நூலகக் கூடத்தில் சர்க்கரை சாரின் சொற்பொழிவு. தலைப்பு: 'ரோமமும் ரோகமும்'. கண்ணெதிர்ச் சாட்சியாக அத்தையை மேடையேற்றப் போகிறார்.

"அத்தை, இன்னிக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டாரு. போகாம இருந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு."

"படபடப்பு எத்தனை நாளா இருக்கு?"

"இருக்கு கொஞ்ச நாளா. பெரியவர்கிட்ட சொன்னேன். நோய் வெளிய கிளம்புதாம். கிளம்பும்போது அப்படித்தான் ஆட்டிவைக்குமாம்."

"எந்த வழியா கிளம்புதாம்? கத்தரிக்கோல் வழியாவா?"

அத்தை சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். நின்றுபோயிருந்த உதிர்வு மறுபடி தொடங்கியிருந்தது. துணியின் உள்பக்கம் முழுவதும் முடி. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்லர் தரையில் எத்தனையோ பேருடைய முடியைக் கூட்டித் தள்ளியவள், தன் முடியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"கையைக் குடுங்க. கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கறேன்."

"பெரியவருக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது."

அத்தை தலையாட்டினாள்.

* * *

லேப் டாக்டரம்மா எதையும் சாதாரணமாகவே சொல்லக்கூடியவர். தலைக்கு மேல் கூரை இடிந்தால்கூட 'தூசி வருது' என்பார். அவர் சாயங்காலம் நெருங்கும்போது மெஷின் அறையிலிருந்து எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அதிலேயே மருமகளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இது யார் ரத்தம்?"

"எங்க அத்தைது மேடம்."

"எவ்வளவு மாத்திரை சாப்பிடறாங்க?"

"காலைல ஒண்ணு. டாக்டர் எழுதிக்குடுத்த நூறு பவர்ல ஒண்ணு."

"உட்காரு." தானும் உட்கார்ந்தார். "ஒண்ணுக்கு இப்படி ஆகாது. ரத்தத்துல தைராய்டு பொங்கி வழியுது. போதும் போதும்னு மூளை சுரப்பியையே பூட்டிப் போட்டுடுச்சு. மூணோ நாலோ மாத்திரை தினம் உள்ள போனாத்தான் இந்த மாதிரி வரும்."

"மூணு நாலா? நான் ஒண்ணுதானே..." மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அவளை உற்றுப் பார்த்தார்.  "முடி கொட்டுதா?"

"ஆமா. திடீர்னு."

"தைராய்டு குறைஞ்சாலும் முடி கொட்டும், கூடினாலும் கொட்டும். முடியை விடு. இப்ப நான் பயப்படறது இதயத்துக்கு. இந்த அளவுல அது தாளம் தப்பி அடிக்க ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. இன்னிக்கே ஆஸ்பத்திரி. அதுக்குள்ள ஒரு துளி மருந்து உள்ள போகக் கூடாது. எங்கிருந்தெல்லாம் போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்து. போற வாசல் தெரியாம எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மருமகள் அத்தைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சொற்பொழிவில் ஃபோன் அடித்தால் சர்க்கரை சாருக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். 'எனக்கே தெரியாம எனக்கு மருந்து வச்சவ' என்று அத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு அந்தச் சமையலறையில் தன் கையால் யார் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்?

இதை யோசித்துக்கொண்டே ஸ்கூட்டரை வீட்டுக்கு விட்டாள். அத்தை கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

* * *

அத்தை வீட்டில் இல்லை. சமையலறையில் டொக், டொக் என்று சத்தம்.

மாமா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஊரையெல்லாம் மேலும் கீழும் ஏற்றி இறக்கியவருக்கு, அண்ணன் குடியிருக்கும் மாடிப்படியில் ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வந்ததில்லை. அவர் முன்னால் ஒரு கிண்ணம். கையில் கரண்டி. கரண்டியின் பின்பக்கத்தால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்து வைத்த ஃப்ளாஸ்க்.

"மாமா."

கரண்டி கீழே விழுந்தது.

"அம்மாடி! நீயா? அண்ணனோன்னு நினைச்சு உயிரே போயிடுச்சு." கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரிய மனிதர், மிட்டாய் திருடிய பிள்ளை மாதிரி நின்றார்.

"என்ன அது?"

"சும்மா. உப்பு."

"உப்பை எதுக்கு நசுக்கணும்?"

 மாமா கிண்ணத்தை முன்னால் கொண்டுவந்தார். பாதி பொடியாகியும் பாதி ஆகாமலும் ஒரு வெள்ளை மாத்திரை. தினமும் பார்க்கும் உறவுக்காரரைப் போல மருமகளுக்கு நன்றாகத் தெரிந்த மாத்திரை.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அவ குப்பையில போட்டதும் எனக்குத் தூக்கமே வரல. டாக்டர் குடுத்ததை இப்படி நிறுத்துவாங்களா? அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் பார்லருக்குக் கொண்டுபோற ஃப்ளாஸ்க்ல... தினம் ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "முடி முளைச்சுதே, பாத்தியா? அது யாரால?"

"மாமா, நானும் போடறேன்."

"எதை?"

"காலைல. தேன் தண்ணியில. தினம் ஒண்ணு."

  லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போட்டே பிழைத்த மாமாவுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓவர்லோடு."

"அத்தை எங்க?"

"அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ காலைல பார்லருக்கும் இந்த ஃப்ளாஸ்க்கை எடுத்துட்டுப் போகல, இப்ப எடுத்துட்டு வான்னு ஃபோன் பண்ணாரு."

மருமகள் ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். "ஏறுங்க ஸ்கூட்டர்ல."

போகும் வழியெல்லாம் பின்னாலிருந்து புலம்பல். "நீ ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டுதானே ஆச்சு? ரெண்டுக்கு இவ்வளவு ஆகுமா?"

மருமகளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மூணோ நாலோ என்றார் டாக்டரம்மா. அவர் எண்ணிக்கையில் தப்புகிற ஆள் இல்லை.

* * *

நூலகக் கூடம் நிறைந்திருந்தது. முடி என்றால் கூட்டம் சேரும் என்று சர்க்கரை சாருக்குத் தெரியும். பல தலைகளில் தொப்பி, சிலவற்றில் துணி, ஒன்றிரண்டில் மறைக்க ஒன்றுமே இல்லாத துணிச்சல். முன்வரிசையில் அவருடைய நெடுநாள் துயரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் போல மிடுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார் சர்க்கரை சார். அந்தக் கூடத்தின் புழுக்கத்தில் கோட்டு போடுவதற்கே தனி மனவலிமை வேண்டும்.

"ரோமம் என்பது என்ன? அது தோலின் மேல் முளைத்த புல்லா? இல்லை. அது உயிராற்றலின் கொடி! கொடி தாழ்ந்தால் கோட்டைக்குள் கலகம் என்று பொருள். ஆங்கில மருத்துவர் என்ன செய்கிறார்? கோட்டையைப் பீரங்கியால் தகர்க்கிறார். நாம் என்ன செய்கிறோம்? காதில் மெல்ல ஒரு சொல் சொல்கிறோம்."

முன்வரிசை கைதட்டியது.

அவருக்குப் பின்னால், நாற்காலி நுனியில் அத்தை. ஸ்கார்ஃபின் விளிம்பு நனைந்து கறுத்திருந்தது. ஒரு கை நெஞ்சின் மேல்.

"இதோ, சாட்சி! எழுந்து வாருங்கள். தலைத்துணியை அகற்றுங்கள். புதிதாய்ப் பிறந்த ரோமங்களை இந்த அவை காணட்டும்."

அத்தை எழுந்தாள். முடிச்சை அவிழ்க்கக் கை ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை சாரே உதவிக்கு வந்து துணியை இழுத்தார். துணி வந்தது. அதோடு சேர்ந்து ஒரு கொத்து முடியும் வந்து அவர் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டது.

கூடத்தில் ஒரு இருமல் கேட்டது. 

அத்தை அந்த முடியைப் பார்த்தாள். மேடையின் விளக்கைப் பார்த்தாள். பிறகு கால்கள் மடிந்தன.

மருமகள் எப்படி மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தையைத் தாங்கித் தரையில் சாய்த்து உட்காரவைத்தாள். நாடியைத் தொட்டாள். காலையில் ஓடிக்கொண்டிருந்த கோழி இப்போது ஓடவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் தாறுமாறாகக் குதித்தது. ரெண்டு அடி, ஒரு நிறுத்தம், படபடவென்று நாலு.

"மாமா, ஆம்புலன்ஸ்!"

மாமா ஏற்கெனவே ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்.

"பதற்றம் வேண்டாம்," என்றார் சர்க்கரை சார், மைக்கில். "இது நோயின் இறுதிக் கொந்தளிப்பு."

"இது மாத்திரை!" மருமகளின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போனது. அத்தையின் முகத்தருகே குனிந்தாள். இனி ஒளிக்க நேரமில்லை. "அத்தை, என்னைத் திட்டுங்க, அடிங்க, அப்புறம் எது வேணா செய்யுங்க. இப்ப கேளுங்க. தினம் காலைல தேன் தண்ணியில உங்க தைராய்டு மாத்திரையைக் கலந்து குடுத்தது நான்."

அத்தையின் கண்கள் அகன்றன.

"ஃப்ளாஸ்க்ல நான்," என்றார் மாமா, கீழே இருந்து.

அத்தை மூச்சு வாங்கினாள். புருஷனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"பாவிங்களா," என்றாள். "நான் எப்ப நிறுத்தினேன்? அன்னிக்குக் குப்பையில போட்டது காலி அட்டைடி. வீட்ல வம்பு வேண்டாம்னு. தினமும் விடியுமுன்ன பாத்ரூம்ல போய் ஒண்ணு..." இருமல் வந்தது. "என் வாயில மருந்து வைக்க நீ யாருடி? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அத்தை பதிலுக்கு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அடிக்கவா, விட்டுவிடாதே என்று சொல்லவா, அதுவும் தெரியவில்லை. விடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மூன்று, என்று மருமகளின் மனசு எண்ணியது. மூன்று வாசல் தெரிந்துவிட்டது. மூணோ நாலோ.

"டாக்டர் சார், மருந்து குடுங்க!" கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அந்தப் பொடியைக் குடுங்க சார், உடனே நிக்கும்!" இன்னொரு குரல். "எனக்குப் படபடப்பு வந்தப்ப அதான் குடுத்தாரு!"

சர்க்கரை சாரின் கை பழக்கத்தில் கோட்டுப் பைக்குள் போனது. மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. கொஞ்ச நாளாக அத்தைக்கு உருண்டை தருவதை நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கும்போது இந்தப் பொடியைத்தான் கொடுத்து வந்தார். 'உயர்ந்த வீரியம்' என்று அதற்குப் பெயர். பொட்டலத்தை ஒரு விரலால் பிரித்தார். அத்தையின் பக்கம் குனிந்தார்.

நின்றார்.

மருமகள் தடுப்பதற்குக் கை ஓங்கியிருந்தாள். தடுக்கத் தேவையே வரவில்லை. எதிரே வந்தவன் தும்மினால்கூட மருந்து கொடுக்காமல் விடாத மனிதர், பிரித்த பொட்டலத்தை மெல்ல மடித்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏன் குடுக்கல பெரிய மாமா?"

 அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வெறும் சர்க்கரைதானே? குடுத்தா என்ன ஆகும்?"

"மெதுவாப் பேசும்மா," என்றார். அந்த வீட்டில் அவரிடமிருந்து யாரும் கேட்டிராத பேச்சு. அதில் 'அவை' இல்லை, 'உயிராற்றல்' இல்லை, சாதாரணமாகப் பயந்த ஒரு ஆள் பேசுகிற பேச்சு. "அதுலயும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"மாத்திரை. பொடி பண்ணிப் பால்சர்க்கரையில..." எச்சில் விழுங்கினார். "நிறுத்தச் சொன்னேன், நிறுத்திட்டான்னு நினைச்சேன். உருண்டையை மட்டும் நம்பி விட்டா இவளுக்கு ஏதாவது ஆயிடுமேன்னு பயமாயிடுச்சு."

"அப்ப மறுபடி சாப்பிடச் சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது?"

மருமகள் அவரை முறைத்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். கைக்குள் தாறுமாறாகக் குதிக்கும் நாடி இருக்கும்போது சிரிப்பு எங்கிருந்து வரும்?

நாலு. கணக்கு சரியாகிவிட்டது. வாசல்கள் எல்லாம் தெரிந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். ஒரு மூச்சு விட்டாள்.

அந்த மூச்சின் பாதியில் இன்னொன்று உறைத்தது. எனக்குப் படபடப்பு வந்தப்ப அதான் குடுத்தாரு, என்று கத்தியது யார்?

"பெரிய மாமா. இந்தப் பொடி அத்தைக்கு மட்டும்தானே?"

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பவரைப் போல, கூடத்தைப் பார்த்தார்.

"இவளுக்கு முடி முளைச்சதைப் பாத்துட்டு எல்லாரும் அதே மருந்து வேணும்னாங்க. அதே வீரியம்தான் வேணும்னு அடம். சோர்வுக்கும் நல்லாக் கேக்குதுன்னாங்க, உடம்பு குறையுதுன்னாங்க..."

"எத்தனை பேர்?"

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. மேடையில் ஒருத்தி மூச்சுத் திணறுவதைப் பார்த்து வெலவெலத்துப் போனவர்கள், பதறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தாரோ அதையே செய்துகொண்டிருந்தார்கள். கைப்பையிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் பொட்டலங்கள் வெளியே வந்தன. கூடம் முழுக்கக் காகிதம் சரசரத்தது. முன்வரிசையில், போன வருடம் இதய ஆபரேஷன் செய்துகொண்ட பழைய போஸ்ட்மாஸ்டர், தலையை அண்ணாந்து நாக்கை நீட்டினார்.

ஒரு பொட்டலத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இவர்கள் எத்தனை நாளாகத் தின்கிறார்கள்?

வெளியே எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம். மருமகள் அத்தையின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொள்ளாமலே, மறு கையால் மைக்கைத் தாங்கியிலிருந்து பிடுங்கி அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுங்க. அதுல என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. இப்பவே."

சர்க்கரை சார் மைக்கைப் பார்த்தார். வாழ்க்கையில் எந்த மேடையிலும் கிடைத்த மைக்கை அவர் கீழே வைத்தவர் இல்லை. இன்று இரண்டு கைகளாலும் அதைத் தள்ளிவிட்டார்.